அஞ்சலை வீட்டுச் சவர்க்காரம்

தகரக் கதவு அதிர்ந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"புக்கா பிந்து! கதவைத் திறங்க! சுங்க இலாகா!"

கொல்லைப்புறத்து அடுப்பின் முன் குந்தியிருந்த அஞ்சலை எழுந்தாள். கையிலிருந்த அகப்பையை மட்டும் விடவில்லை. தேங்காய் எண்ணெயும் சாம்பல் தண்ணீரும் ஒன்று சேர்ந்து கெட்டிப்படும் நேரம் அது. கிண்டுவதை நிறுத்தினால் எண்ணெய் தனியே மேலே மிதந்துவிடும். இரண்டு நாள் வேலை பாழ்.

"தாழ்ப்பாள் இல்ல, தள்ளுங்க!" என்று கத்தினாள்.

தள்ளினார்கள். காக்கிச் சட்டையும் இடுப்பில் அகலப் பட்டையுமாக ஓர் அதிகாரி உள்ளே வந்தார். பெயர் ராஜரத்தினம் என்று சட்டைப் பையின் மேல் எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் இளம் மலாய்க் காவலர் ஒருவர்.

ராஜரத்தினம் அடுப்பைப் பார்த்தார். அதன்மேல் கொதிக்கும் பெரிய சட்டியைப் பார்த்தார். சுவரோரம் வரிசையாக நின்ற பழைய போத்தல்களைப் பார்த்தார். தேடி வந்த ஆள் கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"இந்த வீட்டுல சம்சு காய்ச்சுறதா மனு வந்திருக்கு. அடுப்பை விட்டுத் தள்ளி நில்லு."

கள்ளச் சாராயம்! அஞ்சலைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடியே வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரஜாவுரிமைக்காக அவளை அழைத்திருந்தார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் கணவன் பொன்னுதுரை மலாக்காவிலேயே பிறந்தவன், அவனுக்குக் கவலையில்லை. எட்டு வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த அஞ்சலைக்குத்தான் அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. நன்னடத்தை உள்ளவள் என்று இரண்டு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் அந்தக் கையெழுத்துகள் எந்த மூலைக்கு?

"ஐயா, இது சவுக்காரம். துணி துவைக்கிற சவுக்காரம்."

"பிடிபடுற எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றதுதான். போன வாரம் ஒருத்தன் மாட்டுக்குக் கஷாயம்னான்."

"மாடு குடிச்சுதா?"

காவலர் தமிழ் புரிந்தவர் போலிருக்கிறது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுச் சிவகாமசுந்தரியின் தலை முளைத்தது. காஜா பெராங் வட்டாரம் முழுவதும் ஒரு சேதி பரவ வேண்டுமென்றால் அந்தத் தலை முளைத்தால் போதும்.

"என்ன அஞ்சலக்கா, வீட்டுக்கு மாட்டா-மாட்டா, போலீசெல்லாம் வந்திருக்கு? கடையில பூ வாசத்தோட கட்டி கட்டியா விக்கிறான். அதை வாங்கித் தொலைச்சா இந்த வம்பு உண்டா?"

"உன் பாவாடையில வாழைக்கறை போகலன்னு போன மாசம் என்கிட்டதானே வந்து நின்ன, சிவகாமி? அப்ப எங்க போச்சு பூ வாசம்?"

ராஜரத்தினம் சட்டியின் பக்கம் போகவில்லை. அவர் கண் ஒரு மண்ஜாடியின் மேல் இருந்தது. மூடியைத் தூக்கினார். உள்ளே தேநீர் நிறத்தில் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் கிடந்த தகரக் குவளையில் கொஞ்சம் மொண்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"நாக்கு நுனியில ஒரு சொட்டு வெச்சா எனக்குத் தெரிஞ்சிரும். பதினோரு வருஷமா இந்த வேலைதான்."

குவளை அவர் உதட்டை நெருங்கியது.

அஞ்சலையின் அகப்பை காற்றில் வீசியது. 'டங்'கென்ற சத்தத்துடன் குவளை பறந்துபோய் வேலியில் மோதி விழுந்தது. சிவகாமசுந்தரியின் தலை மறைந்து, உடனே மீண்டும் முளைத்தது.

காவலர் பாய்ந்து அஞ்சலையின் கையைப் பிடித்தார். ராஜரத்தினத்தின் முகம் சிவந்தது.

"கவர்மெண்ட் ஆபீசர் மேல கைவெக்கிறியா? சாட்சியை அழிக்கிறியா? சம்சு கேஸ் ஒண்ணு, இது ஒண்ணு. ரெண்டு கேஸ் ஆச்சு உனக்கு!"

"நூறு கேஸ் போடுங்க. ஆனா அதை வாயில வெக்காதீங்க. கையை விடச் சொல்லுங்க, ஏன்னு காட்டுறேன்."

அவள் குரலில் இருந்த உறுதி அவரை யோசிக்க வைத்தது. தலையசைத்தார். காவலர் கையை விட்டார்.

கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த கோழி உதிர்த்த இறகு ஒன்றைப் பொறுக்கினாள் அஞ்சலை. ஜாடித் தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றி அடுப்போரம் சுடவைத்தாள். அது சூடேறும்வரை சட்டியைக் கிண்டினாள், பிறகு இறகின் பாதியை அதில் அமிழ்த்திப் பிடித்தாள்.

"எண்ணிக்கிட்டு இருங்க."

ராஜரத்தினம் எண்ணவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. மெல்ல மெல்ல இறகின் மயிர்கள் வழவழத்தன, பிறகு கரைந்தன. அவள் வெளியே எடுத்தபோது மேல்பாதி இறகாகவும் கீழ்ப்பாதி வெறும் குச்சியாகவும் இருந்தது. அந்தக் குச்சியிலும் கூழ் போல ஏதோ வழிந்தது.

"தேங்காய் மட்டையை எரிச்ச சாம்பல். அதுல சுண்ணாம்பு கலந்து ரெண்டு நாள் வடிகட்டின தண்ணி. இறகு கரைஞ்சா பதம் சரின்னு அர்த்தம். உங்க நாக்கு இதைவிடக் கெட்டியாங்க?"

ராஜரத்தினம் தம்மையறியாமல் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு சொல்லிக் கொடுத்தா இதை?"

"ஜப்பான்காரன் காலத்துல யாரும் சொல்லித் தரல. சவுக்காரம் இல்ல, துணி இல்ல, நெருப்புக்குச்சி இல்ல. நாலு தடவை கெட்டுப்போச்சு, கை வெந்துச்சு, அஞ்சாவது தடவை நுரை வந்துச்சு. ஜப்பான்காரன் போய்ட்டான். கத்துக்கிட்டதை நான் ஏன் விடணும்?"

இருந்தாலும் சட்டப்படி வீட்டைச் சோதிக்க வேண்டும் என்றார் அவர். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"நல்லா சோதிங்க. ஒரு மூலை விடாதீங்க" என்று அஞ்சலையே முன்னால் நடந்தாள். போகும்போது அகப்பையைக் காவலரிடம் நீட்டினாள். "தம்பி, நிறுத்தாம கிண்டிக்கிட்டே இருங்க. ஒரே பக்கமா."

காவலர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேறெங்கோ பார்த்தார். காவலர் கிண்டத் தொடங்கினார்.

உள்ளே மாடத்தில் ஒரு டப்பா நிறையக் கறுப்புத் தூள். ராஜரத்தினம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உமிக்கரியும் உப்பும். பல் விளக்க" என்று பல்லைக் காட்டினாள் அவள். முப்பத்தைந்து வயதில் ஒரு பல்லிலும் சொத்தை இல்லை.

மூலையில் புளித்த நெடியுடன் ஒரு பானை. இதுதான் ஊறல் என்று அவர் குனிந்தார். அரிசி கழுவிய தண்ணீர்.

"தலைக்குத் தேய்ச்சுக்க. சட்டைக்குப் போடுற கஞ்சி அந்தச் சட்டியில இருக்கு."

பால் டின்னில் திரி செருகிய விளக்கு. கோதுமை மாவு மூட்டையைப் பிரித்து, சாயம் தோய்த்துத் தைத்த திரைச்சீலை. இலவம் பஞ்சுத் தலையணை. டயரை வெட்டி அடிப்பாகம் வைத்த செருப்பு நான்கு ஜோடி, வாசலில் அளவு வாரியாக. ராஜரத்தினம் தேடுவதை விட்டுவிட்டுக் கேட்பதில் இறங்கிவிட்டார்.

"இந்த விளக்குக்குக் கண்ணாடி?"

"உடைஞ்ச போத்தல்தான். எண்ணெயில நனைச்ச நூலைச் சுத்திக் கொளுத்தி, டக்குனு தண்ணியில முக்கினா வட்டமா வெட்டிக்கும்."

"கடையில எதுவுமே வாங்க மாட்டீங்களா?"

அவர் 'நீங்க' என்று சொன்னதை அஞ்சலை கவனித்தாள்.

"உப்பு வாங்குவேன், மண்ணெண்ணெய் வாங்குவேன். பிள்ளைங்களுக்குப் புத்தகம் வாங்குவேன். என் கையால செய்ய முடியாததை வாங்குறதுல எனக்கு வெக்கம் இல்லைங்க. செய்ய முடியுறதை வாங்கினாத்தான் வெக்கம்."

அப்போது முன்வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. இன்னொரு காவலர் ஓர் ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பொன்னுதுரை! அரசாங்க அலுவலகமொன்றில் பியூன் வேலை பார்க்கும் அவன், வேலைக்குப் புறப்பட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அவன் சைக்கிள் கூடையில் நாளிதழில் சுற்றிய இரண்டு போத்தல்கள்.

"சந்தியில பிடிச்சோம், துவான். சைக்கிள் செயின் கழன்று நின்னுக்கிட்டிருந்தான்" என்றார் காவலர். அதே செயினை மாட்டி உருட்டி வந்ததில் அவருடைய இரு கைகளும் கறுப்பாய் இருந்தன.

ராஜரத்தினத்தின் முகம் மறுபடியும் அதிகாரி முகமாகிவிட்டது.

"மனுவுல இதுவும் இருக்கு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை காலையில இந்த வீட்டு ஆம்பளை போத்தல் போத்தலா சுத்தி எடுத்துக்கிட்டு புக்கிட் பாரு பக்கம் போறார்னு. அம்மா, நீங்க காய்ச்சுறது சவுக்காரம். இவர் கொண்டுபோறது என்ன?"

தன் வீட்டில் ஒவ்வொரு டப்பாவையும் தைரியமாகத் திறந்து காட்டிய அஞ்சலைக்கு இந்தப் போத்தல்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சார், விட்டுருங்க சார்" என்று முனகினான். "இவ இப்படித்தான் சார், பிடிவாதக்காரி. கடையில வாங்கிக்கடின்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நாலு பேர் சிரிக்கிறாங்கன்னு சொன்னேன். இனிமே அடுப்பு மூட்ட மாட்டா சார்."

"யாரு மூட்ட மாட்டா?" என்றாள் அஞ்சலை. "போத்தல்ல என்ன இருக்குன்னு கேக்கிறாங்க. அதைச் சொல்லுங்க. வியாழக்கிழமை எனக்கு என்ன நாள்னு தெரியுமில்ல?"

ராஜரத்தினம் நாளிதழைப் பிரித்தார், தக்கையைப் பிடுங்கினார். இந்தத் தடவை நாக்கை நீட்டவில்லை. காவலரின் கறுத்த உள்ளங்கையில் போத்தலைக் கவிழ்த்தார்.

வரும்போது அது வழுக்கிக்கொண்டு வந்தது. பழுப்பு நிறத்தில், பாகு போல.

"தண்ணி ஊத்துங்க."

அஞ்சலையே ஊற்றினாள். காவலர் இரு கைகளையும் தேய்த்தார். நுரை கிளம்பியது. முதலில் கறுப்பாக, பிறகு சாம்பலாக, கடைசியில் வெள்ளையாக. கழுவியதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நக இடுக்கில்கூட அழுக்கு இல்லை.

"பாகுஸ், துவான்!" என்றார் அவர். "ரொம்ப நல்லாயிருக்கு!"

இரண்டாவது போத்தலிலும் அதேதான்.

ராஜரத்தினம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 'சம்சு இல்லை, சவர்க்காரம் மட்டுமே' என்று எழுதினார். புறப்பட்டவரை அஞ்சலை வழிமறித்தாள்.

"வரும்போது தெரு முழுக்கக் கேக்கக் கதவைத் தட்டினீங்க. போகும்போதும் தெரு முழுக்கக் கேக்கணும்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு முன்வாசலுக்குப் போய் நின்றார். வேலியோரம் சிவகாமசுந்தரி, எதிர்வரிசையில் ஏழெட்டுப் பேர்.

"இந்த வீட்டுல ஒரு சொட்டு சம்சு இல்ல!" என்று உரத்த குரலில் சொன்னார். "பதினோரு வருஷத்துல இவ்வளவு சுத்தமான வீட்டை நான் சோதனை போட்டதில்ல!" அதே வேகத்தில் புத்தகத்திலிருந்து ஒரு நகல் தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினார். "வியாழக்கிழமை யாராவது மனு அது இதுன்னு பேசினா, இதைக் காட்டுங்கம்மா."

அவர்கள் போய்விட்டார்கள். தெரு கலைந்தது. கொல்லையில் சட்டி, காவலர் கிண்டிய பக்குவத்தில் பால்கோவா போலக் கெட்டிப்பட்டிருந்தது. அஞ்சலை தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அடிச்சட்டியில நிக்கிற சவுக்காரக் குழம்பை, 'நான் கொட்டிக் கழுவுறேன்'னு சொல்லி வாங்கிட்டுப் போவீங்களே, அதுதானா இது? புக்கிட் பாருல எவளுக்கு? வித்தீங்களா?"

பொன்னுதுரை சைக்கிள் கூடையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"சத்தியமா விக்கலடி... ஆபீஸ்ல ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் ஒரு போத்தல் கொண்டுபோய்க் குடுத்து, 'இது என் பொண்டாட்டி செஞ்சது, எந்தக் கடையிலயும் கிடைக்காது'ன்னு சொல்லிட்டு வர்றேன்."