சிவப்புச் சாயம் பூசிய விரல்கள்

என் நாத்தனாருக்குக் கை சும்மா இருக்காது. நான் துணி காயப்போடப் போன நேரத்தில், மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த என் கைக்குழந்தையின் ஐந்து கால்விரல்களுக்கும் சிவப்பு நகச்சாயம் பூசிவிட்டாள். நகம் அரிசியளவு; சாயம் விரலெல்லாம் வழிந்திருந்தது.

"அழகா இருக்குல்ல அண்ணி? பாக்குறவங்க இனிமே கட்டைப் பாக்க மாட்டாங்க."

ஆசையாகச் செய்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறவியிலேயே உள்பக்கம் வளைந்த கால். கத்தி வைக்காமல், வாரம் ஒரு கட்டு மாற்றி மெல்ல மெல்ல நிமிர்த்துகிறார்கள். காலையில்தான் புதுக்கட்டு போட்டு வந்தோம். கட்டுப் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "விரலைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா. நீலம் பாஞ்சாலோ, வெளுத்தாலோ, ஜில்லுனு ஆனாலோ யாரையும் கேக்காதீங்க. தண்ணில ஊறவச்சுப் பிரிச்சுட்டு ஓடி வாங்க."

மதியம் முழுக்கக் குழந்தை கத்தினாள். விரலைப் பார்த்தேன், சிவப்பு. மறுபடி பார்த்தேன், அதே சிவப்பு. "அப்பன் மாதிரியே ஊரைக் கூட்டுறியேடி" என்று திட்டவும் செய்தேன். பிறகு அழுகை நின்றது. ஆனால் தூங்கவில்லை. முனகியபடி கூரையையே பார்த்தாள்.

குனிந்து அந்த விரல்களில் கன்னத்தை வைத்தேன். ஜில்லென்றிருந்தன. அடிப்பாவி, இவ்வளவு நேரம் நான் பார்த்தது சாயத்தையா!

"தண்ணி கொண்டாடி!"

"பிரிச்சா கால் பழையபடி வளைஞ்சிடுமே அண்ணி!" நாத்தனார் அழுதாள்.

"கால் இருந்தாத்தானேடி வளையும்!"

வாளியில் காலை இறக்கினேன். கட்டு லேசில் இளகவில்லை. துணியின் நுனி அகப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் மாவு. கடைசிச் சுற்று கழன்றபோது கணுக்காலில் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குக் கீழே பாதம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. உள்ளங்காலை அழுத்தினேன். ரத்தம் திரும்பவில்லை.

பிறந்த நாளிலிருந்து "கால் நேராகணும்" என்று கும்பிடாத தெய்வமில்லை. இப்போது வேறு மாதிரி வேண்டினேன். கோணலாகவே இருக்கட்டும், காலை மட்டும் விட்டுவை.

மெதுவாக, குதிகாலிலிருந்து, சிவப்பு ஏறியது. குழந்தை வீறிட்டாள்.

"கத்துடி என் தங்கமே, கத்து!"

அவளை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என் கைக்குள் அந்தப் பாதம் சூடாக இருந்தது. கொஞ்சம் உள்பக்கம் திரும்பியும் இருந்தது. திரும்பினால் திரும்பட்டும் என்று பிடித்துக்கொண்டேன்.