இன்னைக்கு ஒரு நாள்

"டார்ச்சைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க," என்றார் மெக்கானிக்.

சின்னவள் தரையில் மண்டியிட்டு வெளிச்சத்தை இறக்கினாள். கேஸ் ஹீட்டரின் முன்தகடு கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. உள்ளே எரிந்த தீ, அடுப்பில் எரிவதுபோல் நீலமாக இல்லை. மஞ்சளாக, நாக்கை நீட்டிச் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மேல்விளிம்பில் விரலை ஓட்டி அவளிடம் காட்டினார். விரல் முழுக்கக் கரி.

ஹீட்டருக்கு எதிரே கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் வந்து பார்த்த நர்ஸ், வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்" என்றாள். "இடம் மாத்தாதீங்க. குளிர் மட்டும் படாம பார்த்துக்குங்க."

நர்ஸை வழியனுப்பத் தெருவில் நின்றபோதுதான் சின்னவளுக்குத் தலைவலி விட்டது. உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. அப்பாவும் அந்த வாரம் முழுக்கத் தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கமில்லாததால்தான் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். அப்புறம்தான் ஹீட்டருக்கு மேலே சுவரில் ஏறியிருந்த கறுப்பை அவள் கவனித்தாள். யாரையும் கேட்கவில்லை. கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"வருஷா வருஷம் சர்வீஸ் பண்றதுண்டா?" என்று கேட்டார் மெக்கானிக்.

அது அம்மாவின் இலாகா. குளிர்காலம் வருவதற்கு முன்பே ஆளை வரவழைத்து, அவன் வேலையை முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பாள். அவள் பார்க்கிற பார்வைக்கே பாதித் தூசி ஓடிவிடும் என்பார் அப்பா. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயின் வாயைக் குருவி ஏதும் அடைத்துவிட்டதா என்று அவளே எட்டிப் பார்ப்பாள். ஹீட்டர் மேல் ஈர சாக்ஸைக் காயப்போட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்த வீட்டில் இல்லை. இந்த வருஷம் குளிர் தொடங்கியபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மற்றவர்களுக்கு ஹீட்டர் ஞாபகமே வரவில்லை.

மெக்கானிக் விஷப்புகையை அளக்கும் சின்னக் கருவியை ஹீட்டருக்கு மேலே நீட்டினார். அது கீச்சுகீச்சென்று கத்தியது. அவர் குனிந்து வால்வை மூடினார். தீ அணைந்தது. எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தார். தெருவின் குளிர் மொத்தமாக உள்ளே இறங்கியது.

"யாரு அது ஜன்னலைத் திறந்தது?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"இதோ மூடிடறேம்மா," என்றாள் சின்னவள்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள இருக்கற சூட்டுப் பெட்டி விரிசல் விட்டிருக்கு. வெளியே போக வேண்டிய புகை ரூமுக்குள்ள வருது. அதுல இருக்கற விஷ வாயுவுக்கு வாடையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கத்திலயே ஆளை முடிச்சிடும்."

"சரி பண்ணிடுங்க," என்றார் அப்பா.

"பார்ட் வரணும் சார். அடுத்த வாரம் ஆகிடும். அதுவரைக்கும் பத்தவைக்கக் கூடாது."

"அடுத்த வாரம்," என்று அப்பா திருப்பிச் சொன்னார். கட்டிலைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க தம்பி. நாளைக்கு வந்து மொத்தமா பிடுங்கிட்டே போங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மெக்கானிக்கும் கட்டிலைப் பார்த்தார். கரி படிந்த விரலைத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"நான் பார்க்காம இருந்திருந்தா வேற சார். பார்த்துட்டேன். பார்த்துட்டு எப்படி விட்டுட்டுப் போறது?"

வால்வைக் கம்பியால் முறுக்கி ஈய முத்திரை வைத்தார். ஒரு சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டார். கருவி சத்தமில்லாமல் ஆனபிறகு ஜன்னலை அவரே மூடினார். போகும்போது சின்னவளிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் வேறு ஹீட்டர் இல்லை. விஷயம் தெரிந்து எதிர்வீட்டு அக்கா தன்னுடைய கரண்ட் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செருகியதுமே ஃபியூஸ் போனது. ஃபியூஸை மாற்றி மறுபடி செருகினார்கள். சுவரிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அக்காவே அதைப் பிடுங்கினாள்.

"பழைய ஒயரு, தாங்காதும்மா," என்றாள். போய் இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சின்னவள் வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றித் துண்டு சுற்றினாள். அவற்றை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் வந்தபோது அப்பா ஹீட்டர் முன்னால் குந்தியிருந்தார். கையில் குறடு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த கை. அந்தக் கம்பியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"நீ போய் வேலையைப் பாரு."

"அப்பா."

"அவ கையைத் தொட்டுப் பார்த்தியா நீ? கட்டையாட்டம் இருக்கு. உன்னை யாரு கூப்பிடச் சொன்னா அவனை? போகப்போற உசிரு. எதுல போனா என்ன? சூடாவாவது போகட்டும்."

"நீங்களும்தானே இங்க இருக்கீங்க."

"நான் இருந்து என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

அவர் அவளைப் பார்க்காமல், ஹீட்டரைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் உயரவில்லை. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

சின்னவள் பாட்டில்களைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். வந்து அவருக்கும் வால்வுக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்தாள். குறட்டின் வாயைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. இழுத்தது கொஞ்ச நேரம்தான். பிடி தளர்ந்தது. அவர் நாற்காலிக்குப் போய், கோட்டை மேலே போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு அவளிடம் பேசவில்லை.

மத்தியானத்துக்குள் அறை முழுசாக ஆறிவிட்டது. ஜன்னல் கண்ணாடி விளிம்பில் ஈரம் பூத்தது. பாட்டில்களை அவள் மாற்றிக்கொண்டேயிருந்தாள், அவை ஆறிக்கொண்டேயிருந்தன. கடைசியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கம்பளிக்குள் புகுந்து, சுவர் பக்கமாக அம்மாவை ஒட்டிப் படுத்தாள். அம்மாவின் உடம்பில் எலும்பைத் தவிர எதுவும் கைக்கு அகப்படவில்லை.

"கால் என்னடி ஐஸாட்டம் இருக்கு," என்றாள் அம்மா. ஐஸாக இருந்தது அம்மாவின் கால்தான்.

"சூடாகிடும்மா."

"ஹீட்டர் எரியுதா?"

சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதும்மா."

"சூடே தெரியலையே."

"இப்பத்தான் பத்தவச்சோம். கொஞ்ச நேரத்துல தெரியும்."

"மேல துணி கிணி போட்டுடாதீங்க," என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவள் பேசியது புரியும்படி இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு அறையில் எல்லோருடைய மூச்சும் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பாவின் மூச்சு கோட்டுக் காலரிலிருந்து கனமாக வந்தது. அம்மாவுடையது உதட்டு முனையில் நூல்போல எழுந்து, எழுந்ததுமே கரைந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நூலுக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். சின்னவளும் தன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"வரலை," என்றார் அப்பா.

இருவரும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். வரவில்லை.

சின்னவள் அம்மாவின் கண்களை மூடினாள். தாடை விழாமல் கட்ட ஒரு துணி தேடி, கிடைக்காமல், தன் கழுத்துத் துணியையே அவிழ்த்துக் கட்டினாள். ஆறிப்போன பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தாள். கூடத்துக்குப் போய் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். அவன் ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

"முடிஞ்சிடுச்சுண்ணா," என்றாள்.

தண்டவாளச் சத்தம் கேட்டது. பிறகு, "கஷ்டப்பட்டாங்களா?" என்றான்.

அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். காலையிலிருந்து அவளை ஒருதடவைகூடக் கூப்பிடாதவர்.

"பாப்பா. இங்க வா."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே போனாள். அப்பா கட்டில் பக்கம் குனிந்து நின்றிருந்தார். வலது கையை முழங்கைவரை கம்பளிக்கடியில் நுழைத்திருந்தார். அவர் முகத்தில் ஏதோ தெளிந்திருந்தது.

"அவ இன்னும் சூடா இருக்கா, பாரு," என்றார். "தொட்டுப் பாரேன். சூடாத்தான் போயிருக்கா."

சின்னவள் பார்த்தாள். அவர் கை அம்மாவைத் தாண்டிச் சுவர் பக்கம் போயிருந்தது. இத்தனை நேரம் சின்னவள் படுத்திருந்த பள்ளத்தில் இருந்தது.

"என்ன சொல்றாரு?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா. நீ வா."

போனை வைத்தாள். மேலே ஏறியிருந்த கம்பளியின் ஓரத்தை அவர் கைக்கு மேலாக இழுத்துவிட்டு, குளிர் புகாமல் மெத்தைக்கடியில் செருகினாள்.