குழி விழாத மெத்தை

எட்டு வாரம் ஓடப்போகும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வீடு போட்டுத் தரச் சொல்லி மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். செட் போடுவதும், அதற்குள் ஆட்கள் வாழ்கிறார்கள் என்று பார்ப்பவர்களை நம்ப வைப்பதும்தான் இருபத்தெட்டு வருடமாக அவர் தொழில். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி வார்டு, பணக்கார வீட்டு மாடிப்படி என்று அவர் கை படாத செட் இல்லை. இந்தத் தடவை கேட்டது ஒரு சாதாரண அடுக்குமாடி வீடு. அதில் குடியிருப்பவர்கள் ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள். அண்ணன் தம்பி இல்லை, வெறும் நண்பர்களும் இல்லை. ஒருவருக்கொருவர் துணை.

கதைப் பிரதியைப் புரட்டியவருக்கு நான்காம் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. படுக்கையறையில் சிவப்புப் பட்டு விரிப்பு, சுற்றிலும் மெழுகுவர்த்தி, சுவர் நிறையக் கண்ணாடி என்று எழுதியிருந்தது.

இயக்குநர் முப்பத்துநாலு வயதுப் பெண். கெட்டிக்காரர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதவர். மாஸ்டர் அவரிடமே நேராகக் கேட்டார்.

"மெழுகுவர்த்தி எதுக்கும்மா? கரண்ட் போயிடுச்சா?"

பின்னே என்ன வைக்கலாம் என்றார் இயக்குநர். மாஸ்டர் சொல்லிக்கொண்டே போனார். கதவுப் பக்கம் படுப்பவர் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து போகிறவர், அதனால் அந்தப் பக்கம் ஒரு சின்ன விளக்கு வேண்டும், வழியில் செருப்பு கிடக்கக் கூடாது. மறுபக்கம் பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, இடுப்புக்குத் தடவும் தைலம். அலமாரியில் யார் சட்டை எது என்ற எல்லைக்கோடு அழிந்து பல வருடம் ஆகியிருக்கும். கட்டிலுக்கு அடியில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று, இரண்டு பேரும் ஏறாமல் தூசி படிந்து.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

"எனக்கும் அம்பத்திரண்டு ஆகுதேம்மா."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இயக்குநர் அதற்கு மேல் கேட்கவில்லை. பட்டு விரிப்பும் மெழுகுவர்த்தியும் அன்றே பிரதியை விட்டுப் போயின.

மாஸ்டர் இருந்தது ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில். கூட இருந்தவர் குடிநீர் வாரியத்தில் எஞ்சினியர். நகரத்தின் மேற்குப் பாதிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களும் பம்புகளும் அவர் பொறுப்பு. எங்காவது குழாய் வெடித்தால் முதல் போன் இவருக்குத்தான் வரும். இருவரும் சேர்ந்து இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்துக்கு, ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு நண்பர்கள்.

எஞ்சினியருக்கு ஒரே தங்கை. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். வருடத்துக்கு இரண்டு தடவை வந்து மூன்று நாள் தங்கிப் போவாள். இரண்டாவது படுக்கையறை மாஸ்டருடையது என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் வந்தால் மாஸ்டர் 'தன்' அறையை அவளுக்கு விட்டுக்கொடுத்து ஹால் சோபாவில் படுத்துக்கொள்வார். மற்ற நாளெல்லாம் அந்த அறையில் இஸ்திரி மேஜையும் பழைய சூட்கேஸ்களும்தான் குடித்தனம் நடத்தின.

அவள் வருவதற்கு முந்தின நாள் மாஸ்டர் அந்த அறையைச் செட் போடுவார். கொக்கியில் இரண்டு நாள் போட்ட சட்டை, ஜன்னல் கட்டையில் பாதி படித்துக் கவிழ்த்த புத்தகம், மேஜையில் சீப்பும் பழைய மருந்துச் சீட்டும். எஞ்சினியர் வாசலில் நின்று மேற்பார்வை பார்ப்பார். அவருக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. மாஸ்டருக்கு அப்படி இல்லை. செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்தோம் என்ற நிறைவு இருக்கும்.

புதுத் தொடர் என்ன மாதிரி என்று மாஸ்டர் வீட்டில் சொன்னபோது எஞ்சினியர் தடுக்கவில்லை. வேலை வேலைதானே என்றார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: நம் வீட்டை அங்கே கொண்டுபோகாதே. மாஸ்டரும் சரி என்றார்.

படப்பிடிப்பு மூன்றாவது வாரம் போய்க்கொண்டிருந்தது. இருவரில் ஒருவராக நடித்தவர் பெரும்பாலும் போலீஸ் அதிகாரியாகவே நடித்துப் பழகிய மூத்த நடிகர். நல்ல மனிதர், ஆனால் இந்த வேடம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்றைய காட்சியில், ஊரிலிருந்து அக்கா வருகிறாள் என்று செய்தி வந்ததும் இருவரும் அழுது சண்டை போட வேண்டும். நான்கு தடவை எடுத்தும் ஒட்டவில்லை. இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் பக்கம் வந்து, சொந்தக்காரர்கள் வந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசனை கேட்டார்.

"சண்டை போட நேரம் ஏதும்மா? முதல்ல அடுத்த ரூம்ல படுக்கையைக் கலைக்கணும்."

வாய் முந்திக்கொண்டுவிட்டது. இயக்குநருக்குப் புரியவில்லை. மாஸ்டர் செட்டின் அடுத்த அறைக்குள் போய்ச் செய்தே காட்டினார். மடிப்புக் கலையாத விரிப்பில் உட்கார்ந்து எழுந்தார். தலையணையில் ஒரு குத்து விட்டார். தம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி வைத்து, கண்ணாடியை விரித்தபடி புத்தகத்தின் மேல் போட்டார். இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, போர்வையின் ஒரு முனையைக் கீழே இழுத்துவிட்டார். மூத்த நடிகர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே டேக்கில் அதை அப்படியே செய்தார். கேமராவுக்குப் பின்னால் நின்ற மாஸ்டருக்குப் பெருமையாக இருந்தது.

கொடுத்த வாக்கு திரும்பும் வழியில், பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். எஞ்சினியர் ஏதோ மோட்டார் எரிந்துபோன கவலையில் இருந்தார். அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, அப்புறம் சொல்லும் கட்டம் தாண்டிவிட்டது.

தொடர் ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு வந்தது. முதல் வாரமே தங்கை போன் செய்து, எழுத்துப் போடும்போது மாஸ்டர் பெயரைப் பார்த்ததாகவும் விடாமல் பார்க்கப்போவதாகவும் அண்ணனிடம் சொல்லியிருந்தாள். மூன்றாவது வாரம் அந்தக் காட்சி வந்தது. சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடிகர் தலையணையைக் குத்தியபோது பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. போர்வை முனையை இழுத்தபோது இன்னும் பெரிதாக.

எஞ்சினியர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "இது கதையில இருந்துச்சா, நீ சொன்னதா?"

"நான் சொன்னதுதான்."

அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். தன் தலையணையை எடுத்துக்கொண்டு இரண்டாவது அறைக்குப் போனார். இஸ்திரி மேஜையை இழுத்து ஓரம் தள்ளும் சத்தம் கேட்டது.

ஒன்பது நாள் அங்கேயே படுத்தார். அங்கே கிடந்த கட்டில், முன்பு ஒரு தொடரில் பணக்காரக் கிழவர் ஒருவர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு செத்துப்போவதற்காக மாஸ்டர் செய்தது. பார்க்க அழகு, திரும்பிப் படுத்தால் கிறீச்சிடும். எஞ்சினியர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பால் தீர்ந்துவிட்டது, கேஸ் சொல்ல வேண்டும் என்கிற அளவுக்குப் பேச்சு இருந்தது. மாஸ்டருக்கு முதல் இரண்டு நாள் கோபம்தான். இத்தனை வருடத்தில் உருப்படியாக ஒரு காட்சி, அதற்கு இவ்வளவா என்று. ஐந்தாம் நாளே தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் மன்னிப்பு நெஞ்சைத் தாண்டி நாக்குக்கு வரவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கையில் பெட்டியோடு தங்கை. நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு, அண்ணனிடம் சொல்லியிருந்தேனே என்றாள். அண்ணன் அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. விடிகாலையில் எங்கோ பெரிய குழாய் வெடித்து அவர் ஓடியிருந்தார்.

மாஸ்டர் தடுக்க வழி தேடுவதற்குள் அவள் வழக்கம்போல இரண்டாவது அறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினார். படுக்கை சுருண்டு கிடந்தது. தலையணை சுவரோரம். மேஜையில் அண்ணனின் கண்ணாடிக் கூடு, பிரஷர் மாத்திரை, தைலம், பம்பு நிலைய அறிக்கை. கட்டில் காலில் அவருடைய பனியன். அவள் பெட்டியைக் கீழே வைக்காமல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்தத் தடவை ரொம்ப இயல்பா வந்திருக்கு மாஸ்டர். ஆனா ஆளை மாத்திட்டீங்களே, இதெல்லாம் அண்ணன் சாமான்."

மாஸ்டருக்கு அவள் சொன்னது உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

"இது செட் இல்லம்மா" என்றார். "உங்க அண்ணன் நெஜமாவே இங்கதான் படுக்குறார். ஒம்பது நாளா."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்து, நோயாளியிடம் விசாரிக்கிற மாதிரியே விசாரித்தாள். எதனால், சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா. மாஸ்டர் வாக்குக் கொடுத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"முதல் தடவை இங்க படுத்தப்பவே. நான் காலம் பூரா படுக்கை மாத்துறவ மாஸ்டர். ஒருத்தர் வருஷக்கணக்கா படுத்தா மெத்தையில குழி விழும். இது கடையில இருந்து வந்த மாதிரியே இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு மெனக்கெட்டிருந்தீங்க."

ஆனாலும் எனக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம் என்றாள். அவள் கல்யாணம் முறிந்தபோது முதலில் போன் செய்து அழுதது அண்ணனிடம்தான். அண்ணன் மட்டும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்துபோன ஒவ்வொரு தடவையும், திரும்பும் ரயிலில் அதை நினைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.

எஞ்சினியர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். பேன்ட் முழங்கால் வரை சேறு. ஹாலில் தங்கையைப் பார்த்தவர் கண் அடுத்த நொடி திறந்து கிடந்த இரண்டாவது அறைக் கதவுக்குப் போனது.

"மாஸ்டர் ரூம் இன்னும் ஒழுங்கு பண்ணல போல..." என்று ஆரம்பித்தார்.

யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவரும் வாயைத் திறக்கவில்லை. எஞ்சினியர் சேற்றுக் காலோடு நடு ஹாலில் நின்றார்.

"அது என் படுக்கை" என்றார் கடைசியில். "கோவத்துல அங்க போய்ப் படுத்திருக்கேன். என் இடம் இந்தப் பக்கத்து ரூம். இவன்கூட."

இருபத்தொரு வருடத்தில் தங்கை முன்னால் அவர் மாஸ்டரை 'அவர்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"சரி" என்றாள் தங்கை. "போய்க் கால் கழுவிட்டு வாண்ணா. தரையெல்லாம் சேறு."

அவர் குளியலறையில் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. தங்கை டீ போட்டாள். வெடித்த குழாயைப் பற்றியே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடத்துக் குழாய், மாற்ற வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றார் எஞ்சினியர்.

அவள் ஊரிலிருக்கும் மகளோடு போன் பேச பால்கனிக்குப் போனபோது இருவரும் சமையலறையில் தனியாக இருந்தார்கள். மாஸ்டர் தட்டுகளைத் தேய்த்துக் கொடுக்க, எஞ்சினியர் துடைத்து அடுக்கினார்.

"உன்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார் மாஸ்டர். "கேக்காம செஞ்சதும் தப்பு, செஞ்சதைச் சொல்லாம இருந்ததும் தப்பு."

"இவ பார்த்துடுவாளேங்கிற பயம் மறுநாளே போயிடுச்சு. பக்கத்து வீட்டுல சிரிச்சாங்க பாரு, அதுதான் தாங்கல. நான் பயந்து பயந்து நின்ன விஷயம் அது."

நன்றாக இருந்ததால்தான் சிரித்தார்கள் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நீ பயப்படுறப்ப நான் ரசிச்சுச் செஞ்சேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும். எனக்கு அது வேலை மாதிரி இருந்துச்சு. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவைகூட கேக்கல."

எஞ்சினியர் அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.

படுக்க இடம் தங்கைக்கு வேண்டும் என்பதால் அவர் அன்று தங்கள் அறைக்கே வந்தார். கோபம் அன்றோடு முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று வாரம் அவ்வப்போது தலை காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஞாயிறு தவறாமல் தொடரைப் பார்த்தார். ஆறாவது வாரம் தொடரில் வந்த சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்துவிட்டு, மேல் மாடியில் இந்த ப்ரஷர் வர வாய்ப்பே இல்லை என்று மாஸ்டரைப் படுக்கப் போகும் வரை பிடித்துக்கொண்டார்.

அலுவலகத்தில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரை சொல்வதாகவும் இல்லை. தங்கை தன் மகளிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு நான்கு மாதம் யோசித்தார். பிறகு, சொல் என்றார். மகள் அடுத்த தடவை போனில் மாஸ்டரை மாமா என்று கூப்பிட்டாள். போனை வைத்த பிறகு மாஸ்டர் அதை இரண்டு தடவை எஞ்சினியரிடம் சொன்னார்.

தொடர் நன்றாகப் போனதால் இரண்டாம் பாகம் எடுக்கத் தீர்மானித்தார்கள். இயக்குநர் மாஸ்டரைக் கூப்பிட்டு, இந்தத் தடவை செட்டோடு, கதை எழுதும்போதும் கூட உட்காருங்கள் என்று கேட்டார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேம்மா."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் யார் என்று அவர் கேட்கவில்லை. மாஸ்டராகவே சொன்னார்.

"எஞ்சினியர். குடிநீர் வாரியத்துல இருக்கார். இருபத்தொரு வருஷம் ஆச்சு."

பிரதியின் முதல் நகல் மூன்றாம் மாடிக்கு வந்தது. எஞ்சினியர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பத்து நாள் படித்தார். இரண்டு காட்சிகளை வேண்டவே வேண்டாம் என்று குறுக்காகக் கோடு போட்டார். ஏன் என்று மாஸ்டர் கேட்டார். எஞ்சினியர் காரணம் சொன்னார். சரிதான் என்று தோன்றியது மாஸ்டருக்கு. அந்த இரண்டும் இல்லாமலே தொடரை எடுத்தார்கள்.