காலிக் கட்டங்கள்

காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு நிதிச் செயலாளரின் உதவியாளர் தொலைபேசியில் அழைத்தார். கேட்டது சின்ன விஷயம்தான். அறிக்கையின் நான்காம் அட்டவணையில், மூடலாம் என்று முப்பத்தேழு பிரசவ மையங்கள் இருக்கின்றன. எல்லாம் வெறும் குறியீட்டு எண்கள். பதினோரு மணிக்கு அமைச்சர் அவையில் பேசும்போது யாராவது எழுந்து எந்தெந்த ஊர் என்று கேட்டால் பெயர்கள் கையில் வேண்டும். பத்தரைக்குள் வேண்டும் என்றார். அவள் பத்தே நிமிடத்தில் அனுப்புவதாகச் சொன்னாள்.

மாநிலத்தின் வரவு செலவைப் படித்து எங்கே குறைக்கலாம் என்று சொல்வதற்காக அரசே நடத்தும் ஆய்வு நிலையம் அது. மொத்தம் பதினான்கு பேர். இரண்டாம் மாடியில், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்த நீளக் கூடம். இயக்குநருக்கு ‘சராசரி’ என்று பெயர். வீட்டுக்கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலும் சராசரியாக எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் கேட்பார். பதிப்பு வேலை பார்க்கும் பெரியவர் ‘அடிக்குறிப்பு’. அவள் ‘துடைப்பம்’. மாவட்டங்களிலிருந்து வந்து குவியும் படிவங்களில் குப்பையை நீக்கிக் கணக்குப் போடத் தோதாக ஆக்கித் தருவது அவள் வேலை. ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டு வரும். தாயின் வயது நானூற்றிரண்டு என்று இருக்கும். எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுவாள். பதினோரு வருடத்தில் அவள் கை பட்ட அட்டவணையில் யாரும் பிழை கண்டதில்லை. அந்தக் கேலிப் பெயர் அவளுக்குப் பிடித்தே இருந்தது.

எண்களுக்கு எதிரே ஊர்ப்பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. இருபத்துமூன்றாவது வரியில் அக்காவின் மையம் இருந்தது.

குறியீடு இடம் மாறியிருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு முறை பொருத்திப் பார்த்தாள். அதுவேதான். இரண்டு வருடமாக ஒரு பிரசவம்கூட நடக்காத மையங்கள் என்பது அட்டவணையின் தலைப்பு. அக்கா அந்த மையத்தின் செவிலி. போன மாதம்தான், மின்சாரம் போய், கைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு இரட்டைக் குழந்தைகளை எடுத்த கதையைச் சொன்னாள். இரண்டாவது குழந்தை அவசரமே இல்லாமல், சித்தப்பா பந்திக்கு வருகிற மாதிரி வந்ததாம். இருவரும் அரைமணி நேரம் சிரித்தார்கள்.

மாவட்டத்திலிருந்து வந்த மூலக் கோப்பைத் திறந்தாள். அக்காவின் வரியில் பூஜ்யம் இல்லை. ஒன்றுமே இல்லை. இருபத்துநான்கு மாதத்துக்கும் இருபத்துநான்கு காலிக் கட்டங்கள். பூஜ்யம் போட்டது அவள். காலியான கட்டம் இருந்தால் கூட்டல் நின்றுவிடும். அதனால் காலி இடங்களிலெல்லாம் பூஜ்யத்தை நிரப்பச் சொல்லி கணினி நிரலில் ஒரு வரி எழுதியிருந்தாள். மற்ற அட்டவணைகளுக்காக எப்போதோ எழுதிய வரி. அங்கெல்லாம் அதனால் கெடுதல் இல்லை. முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உண்மையிலேயே பூஜ்யம் என்று எழுதி அனுப்பியவை ஆறு. மற்ற முப்பத்தொன்றும் எதையும் எழுதி அனுப்பாதவை.

ஏன் அனுப்பவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். முப்பத்தொன்றில் ஒன்றுக்காவது தெரியும். அந்தப் படிவம் மாதாமாதம் பதினோரு பக்கம். இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டாள். ஒரே ஆளாக ஊசியும் போட்டு, தரையும் துடைத்து, இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இதெல்லாம் உங்கள் ஆபீசுக்குத்தான் வருகிறதா, ரொம்ப முக்கியமா என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, விட்டுத்தள்ளு அக்கா என்றாள். அக்காவுக்கு அன்று எவ்வளவு நிம்மதி என்பது குரலிலேயே தெரிந்தது.

இயக்குநரின் அறைக்குப் போனபோது ஒன்பது ஐம்பது. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். மேசையில் அச்சாகி வந்த அறிக்கை ஐந்நூறு பக்கத்துக்குக் கிடந்தது. அவள் நின்றபடியே சொன்னாள். முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மொத்தச் சேமிப்புல இந்த முப்பத்தேழும் எவ்வளவும்மா?"

"புள்ளி பூஜ்யம் மூணு சதவீதம் சார்."

"முழு எண்ணாக்கினா காணாமப் போயிடும்."

"அப்ப எடுத்துடலாமே சார். எடுத்தாலும் மொத்தம் மாறாதே."

"வச்சாலும் மாறாதே."

அவர் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை. இன்று காலை ஒரு அட்டவணை தப்பு என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் ஐந்நூறு பக்கமும் தப்பு என்று ஆகிவிடும் என்றார். அவசியமில்லாத அலுவலகங்கள் என்று செயலகத்தில் வேறொரு பட்டியல் இருக்கிறதாம். அதில் இந்த நிலையத்தின் பெயரும் இருப்பதாகக் கேள்வி. பதினான்கு குடும்பம் என்றார். பிறகு, அந்த மையங்களில் யாரையாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். "அப்ப நீ வாயே திறக்கக்கூடாது. கூடப் பொறந்தவளுக்காக அறிக்கையை மாத்திட்டான்னுதான் பேசுவாங்க. மத்த முப்பது மையமும் அந்தப் பேச்சுல அடிபட்டுப் போயிடும்."

அவள் வெளியே வந்தாள். வெளியே வந்த பிறகுதான், அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. அதுதான் அவளை உட்கார வைத்தது.

அடிக்குறிப்பு தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் எந்தச் சுவருக்கும் காது உண்டு. இரண்டாம் பதிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று ஆறுதல் சொன்னார். ‘தகவல் வராத இடங்களில் பூஜ்யம் எனக் கொள்ளப்பட்டது.’ சின்ன எழுத்தில் இருநூற்றுப் பதினாலாம் பக்கம் இடம் இருக்கிறது. அவர் நல்ல மனிதர். அவளுடைய மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு விடுப்புப் போட்டு அலைந்தவர்.

"இரண்டாம் பதிப்பு எப்ப சார்?"

"அது வர்றப்ப வரும். நீ மூஞ்சியக் கழுவிட்டு வா துடைப்பம். ஊர் குப்பைய அள்றவளுக்குக் கண்ணுல தூசு விழத்தான் செய்யும்."

அவள் கழுவப் போகவில்லை. பத்து இருபத்தொன்று. பட்டியல் திரையில் இருந்தது. அக்காவின் வரியை அழித்தாள். முப்பத்தாறு ஆனது. அச்சில் முப்பத்தேழு இருக்கிறது, எண்ணிக்கை இடிக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். முப்பத்தெட்டாவதாக வந்திருக்க வேண்டிய மையத்தைத் தேடினாள். ஒரே ஒரு மாதம் மட்டும் எண் எழுதி அனுப்பியதால் தப்பித்த மையம் ஒன்று கிடைத்தது. பெயர் கேள்விப்படாத ஊர். எந்த மாதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வரியை வலப்பக்கம் கடைசி வரை நகர்த்தினாள். அங்கே மாதவாரியாகக் குறிப்பு எழுத ஒரு பத்தி உண்டு. நிரல் எண்களை மட்டுமே படிக்கும். அந்தப் பத்தியை அது தொட்டதில்லை. அவளும் தொட்டதில்லை.

முதல் மாதத்தில், ‘ஒரே ஆள். எண்ணி எழுத நேரமில்லை. அடுத்த மாதம் சேர்த்து எழுதுகிறேன், மன்னிக்கவும்’ என்று இருந்தது. அடுத்த மாதம், ‘அடுத்த மாதம் சேர்த்து எழுதுகிறேன்.’ அதற்கடுத்து ‘நேரமில்லை.’ பிறகு பல மாதங்களுக்கு ஒரு சின்னக் கோடு. ஒரு மாதம் மட்டும் ஒன்பது என்று எண் எழுதி, குறிப்பில் ‘இம்மாதம் மழை, அதனால் வருகை குறைவு’ என்று இருந்தது.

மழையில் குறைந்து ஒன்பது.

மற்ற முப்பது வரிகளின் கடைசிக்கும் போனாள். பாதிக்கு மேல் யாராவது எதையாவது எழுதியிருந்தார்கள். ஒருத்தி எண் எழுதும் பக்கம் தீர்ந்துவிட்டது, அனுப்பி வைக்கவும் என்று பதினாறு மாதம் கேட்டிருந்தாள். அக்காவின் வரியில் கடைசி வரை ஒன்றுமே இல்லை. சொன்னதைக் கேட்பவள் அக்கா.

அழித்த வரியைத் திரும்பப் போட்டாள். நிதிச் செயலாளரின் பெயருக்கே நேராகக் கடிதம் எழுதினாள். ஆறு மையங்களின் பெயர். மீதி முப்பத்தொன்றில் பிரசவம் நடக்கிறதா இல்லையா என்பதே தெரியாது, காலிக் கட்டங்களில் பூஜ்யத்தை நிரப்பியது நான், அவற்றில் ஒன்றில் என் அக்கா வேலை செய்கிறாள். இயக்குநருக்கும் ஒரு நகல். பத்து நாற்பத்துநான்குக்கு அனுப்பினாள். உதவியாளரின் எண்ணுக்கு ஏழு முறை அடித்தாள். எட்டாவது முறை எடுத்து, செயலாளர் அவைக்குள் போய்விட்டதாகக் கிசுகிசுத்தார். அவளுக்காகப் பத்தரை வரை பார்த்துவிட்டுச் சுகாதாரத் துறையிலேயே பெயர்களை வாங்கிக்கொண்டார்களாம்.

இயக்குநர் அவள் மேசைக்கு வந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறை. மேசை விளிம்பில் கையை ஊன்றி, சன்னமாக மூச்சு விட்டார். "அனுப்பிட்ட."

"ஆமா சார்."

"அத அவங்க நாளைக்குத்தான் திறப்பாங்க." திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அவளுடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, தன்னுடையது இல்லை என்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி மூடி வைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். அமைச்சர் நிலையத்தின் பெயரைச் சொன்னபோது பின்னால் யாரோ கைதட்டினார்கள். முப்பத்தேழு என்றார். மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எந்தெந்த ஊர் என்று ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. பட்டியலை அவையில் வைப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் சாலைகளைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அந்த முப்பத்தேழு மொத்தம் பதினெட்டு நொடி. அடிக்குறிப்பு அவளைப் பார்க்காமல் பிஸ்கட் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

பன்னிரண்டே காலுக்கு அக்கா அழைத்தாள். அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். அக்காவின் பின்னால் ஒரு பெண் முனகுவது கேட்டது. விட்டு விட்டு, சீராக. மாவட்ட அலுவலகத்திலிருந்து பேசினார்களாம். மாதக் கடைசியோடு சரியாம். இனி வலி எடுத்தால் பெரிய ஆஸ்பத்திரிதான், வண்டி கிடைத்தால் இரண்டரை மணி நேரம். கட்டிலையும் தராசையும் எடுத்துப்போக ஆள் வருமாம். அக்கா இதையெல்லாம் கோபம் இல்லாமல், மளிகை சொல்வது மாதிரி சொன்னாள். நடுவில் நிறுத்தி, யாரிடமோ மூச்சை இழுத்து விடும்மா என்றாள். அவளும் படிக்கட்டில் நின்று மூச்சை இழுத்து விட்டாள்.

"ரெண்டு வருஷமா இங்க ஒரு பிரசவமும் நடக்கலைன்னு அந்த ஃபாரத்தப் பாத்துச் சொன்னாங்களாம்" என்றாள் அக்கா. "யாருமே பாக்கமாட்டாங்கன்னு சொன்னியே சின்னவளே. இப்ப அத யாருடி பாத்தது?"