நாலரை அடி

தையல்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாலரை அடி வளர்ந்த பிள்ளைக்குக் காரில் உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் வேண்டாம் என்றார்கள். தன் டேப்பால் மகளை அளந்தார். ஐம்பத்துநாலு அங்குலம், கச்சிதமாக நாலரை அடி. சந்தோஷமாகச் சீட்டைப் பரணில் போட்டார். ஆனால் காரில் பெல்ட் தோளில் நிற்காமல் மகளின் கழுத்தை அறுத்தது. மறுபடி மூன்று முறை அளந்தார். அதே ஐம்பத்துநாலு.

"என் டேப்பு பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுந்தார்.

மனைவி டேப்பின் நுனியைப் பிடித்துக் காட்டினாள். "முதல் ரெண்டு இஞ்ச் கிழிஞ்சுபோய் ஒரு வருஷமாச்சு. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் மறக்காம ரெண்டைக் கழிக்கிறீங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும் ஏங்க கழிக்கல? அவ வளர்ந்துடணும்னு அவ்வளவு அவசரமா?"

அவர் ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தார்.