மேலவனிடம் போகும் வழி

அந்த நாட்களை நினைத்தால் ஹியூபேட்டுக்கு முதலில் நினைவில் வருவது பௌஸி வீட்டு முன்னறையின் சீமெந்துத் தரைதான். தரையில் ஒரு தட்டு, தட்டில் பௌஸியின் உம்மா பொரித்த இறைச்சி பற்றிஸ், எதிரே டிவி. சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பில் பாதி நாளைக்குக் கரண்ட் இராது. இருக்கிற பாதியில், ஆமி தெருவை வளைத்து வீடு வீடாகத் தேடுகிற ரவுண்டப் வரும். இரண்டுக்கும் நடுவே தப்பிக் கிடைத்த சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவன் சந்தோஷமாக இருந்தான். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு அவனுக்கு வாய்க்கவே இல்லை.

ஹியூபேட்டுக்கு அப்போது இருபத்துநான்கு வயது, கப்பல் கந்தோர் ஒன்றில் கிளாக். பௌஸி இரண்டு வீடு தள்ளி இருந்தவன், வாப்பாவின் துணிக்கடையில் நிற்பவன். கலியாண வயதில் இரண்டு தடியன்கள் டிவி கேம் விளையாடுகிறார்கள் என்று கொட்டாஞ்சேனைத் தெருவே சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கேம் கசெட். அதிலும் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கதை விளங்காவிட்டாலும் வில்லன் நன்றாக விளங்கினான். மேகத்துக்கு மேலே நான்கு மாடிக் கோட்டை, உச்சியில் கிரீடம் வைத்த ஒருவன். அவன் விரலை நீட்டினால் கீழே ஒரு கிராமம் இல்லாமல் போகும். மடக்கினால் வேறோர் இடத்தில் காடு முளைக்கும். பௌஸி அவனுக்கு 'மேலவன்' என்று பெயர் வைத்தான்.

"இந்த கேம் வில்லன்மாருக்கெல்லாம் என்ன வருத்தம் மச்சான்?" என்பான் பௌஸி. "ஒருத்தனும் வெள்ளவத்தையில ஒரு வீடு, ஒரு கார் எண்டு கேக்கிறானில்ல. எல்லாருக்கும் அல்லாஹ்ட கதிர தான் வேணும்."

"குடுத்துப் பார். ரெண்டு நாள் இருக்கமாட்டான்," என்பான் ஹியூபேட். "எங்கட அம்மா செவ்வாய்க்கிழமையில அந்தோனியாரிட்டக் கேக்கிற லிஸ்ட்ட வாசிச்சாலே எழும்பி ஓடிடுவான்."

அந்தக் கேமில் ஒரு வசதி இருந்தது. கரண்ட் போவதற்குள் நிறுத்தினால் திரையில் இருபத்துநான்கு எழுத்துக் கொண்ட ஒரு கோட் வரும், அது மட்டும் ஆங்கில எழுத்தில். எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த கிழமை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில்தான் நண்பர்கள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மெஷின் பௌஸி வீட்டில். கோட் எழுதிய தாள் ஹியூபேட்டிடம். ஒருவனை விட்டு மற்றவன் களவாக விளையாட முடியாது. நல்ல நண்பர்கள்தான், ஆனாலும் மேலவன் விஷயத்தில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

மூன்று மாதத்தில் நான்காம் மாடிக்கு வந்துவிட்டார்கள். ஹியூபேட் கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் குந்தியிருந்து, கோட்டுக்குக் கீழே கோட்டையின் படத்தையும் கீறினான். காவல்காரன் நிற்கிற இடங்களில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி. குண்டு வைக்க வேண்டிய தூண்களில் வட்டம். வட்டத்துக்குள் ஆங்கிலத்தில் 'பொம்'. பக்கத்தில் 'பன்னிரண்டு செக்கன்'. உச்சியில் கிரீடம். அவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு துப்புரவு வேண்டும். தாள் தொலைந்துவிடக் கூடாதே என்று, உயிர்போல வைத்திருக்கும் ஒரே பொருளான அடையாள அட்டையின் உறைக்குள் மடித்து வைத்தான். கொட்டாஞ்சேனைத் தமிழனுக்கு அந்த வருடம் வரக்கூடிய புத்தியா அது? கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். இங்கே சொல்லவும் ஆள் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆமர் வீதிச் சந்தியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஹியூபேட் அட்டையை இழுத்தான். தாளும் கூட வந்தது.

"மே மொகக்த மல்லி?" இது என்ன தம்பி என்று சிப்பாய் மரியாதையாகத்தான் கேட்டான். விரித்துப் பார்த்தபின் அவன் மரியாதை போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் ஹியூபேட் ஒரு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தான்.

அதே வாங்கில் இன்னொருவர் காலையிலிருந்து இருந்தார். பெயர் பழனிமுத்து, ஐம்பது வயதுக்குக் கிட்ட, பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; அடையாள அட்டை எடுக்க அவரிடம் எந்தப் பத்திரமும் இருந்ததில்லை. சட்டைப்பையில் இருந்தது ஒரு துண்டு வெற்றிலை. அட்டை இல்லாததால் பிடித்து வைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் நீவி வைத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். "எந்தக் கட்டடம் இது? இந்தக் கோட் யாருக்கு? உச்சியில் இருக்கிற பெரியவர் யார்?"

"கேம் சேர். டிவி கேம்."

"இருபத்துநான்கு வயதில்?"

கொட்டாஞ்சேனை சிரித்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. வெட்கத்துக்குப் பின்னால் பயம் வந்தது. இந்தக் கதையை நம்பாவிட்டால் களுத்துறைச் சிறை. அங்கே போன ஆட்கள் எப்போது திரும்பினார்கள் என்று அவன் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லி, தாளோடு பிடிபட்ட விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது. அவனுடைய அக்கா கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் இருப்பவர்களின் பெயர் எழுதிய பொலிஸ் பதிவையும் செபமாலையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் பௌஸி, சைக்கிளில், டிவி கேம் மெஷினைத் துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"சேர், அந்தக் கோட்ட இதுல போட்டுப் பாருங்க," என்றான் சிங்களத்தில். "வேலை செய்யாட்டி என்னையும் சேத்து அடைங்க."

நிலையத்தில் கிரிக்கெட் பார்க்கிற டிவி ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் பௌஸியை வாசலில் நிறுத்தினார். பொத்தான் வைத்த விளையாட்டுக் கட்டை ஒன்றை ஹியூபேட்டிடமும், மற்றதை ஓர் இளம் கொன்ஸ்தாபிளிடமும் கொடுத்தார். இருபத்துநான்கு எழுத்தையும் போட்டார்கள். நான்காம் மாடி வந்தது.

படத்தில் புள்ளடி போட்ட இடத்தில் காவல்காரன் நின்றான். வட்டம் போட்ட தூணில் குண்டு வைத்தால் பன்னிரண்டு செக்கனில் வெடித்தது. இன்ஸ்பெக்டரின் விரல் தாளில் கூடவே போயிற்று. கொன்ஸ்தாபிள் முதலில் இரண்டு தரம் செத்தான், பிறகு பிடித்துக்கொண்டான். எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனையை வைத்துவிட்டு வந்தார்கள். பழனிமுத்து வாங்கிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒரு பத்து நிமிஷம் அந்த இடம் பௌஸி வீட்டு முன்னறைபோலவே இருந்தது. ஹியூபேட் பயப்படக்கூட மறந்துபோனான்.

கதவு திறந்தது. கிரீடம் வைத்தவன் விரலை நீட்டினான். கீழே ஒரு கிராமம் மறைந்தது.

"இவனுக்கு என்ன வேணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடவுளாக வேணுமாம் சேர்."

இன்ஸ்பெக்டர் மேசையில் குவிந்திருந்த ஃபைல்களைப் பார்த்தார். "பாவம், அந்தக் கதிரையில் வேலை அதிகம்," என்று சிரித்தார். கொன்ஸ்தாபிள் இன்னும் கொஞ்சம் என்பதுபோலப் பார்த்தான். அவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். ஒரு கொப்பியில் ஹியூபேட்டின் பெயரை ஒரு கோட்டால் வெட்டினார். அவ்வளவுதான். தாள் மட்டும் ஃபைலுக்குள் போயிற்று. மூன்று மாதத்து உழைப்பு.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, வாடா," என்றாள் கொன்ஸ்ரன்ஸ், அழுதுகொண்டே.

வாங்கைத் தாண்டும்போது பழனிமுத்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, கடைசியில அந்தக் கிரீடம் வச்சவன் செத்துட்டானா?"

கடைசியை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. "ஓமண்ணே," என்றான் ஹியூபேட். "செத்திட்டான்."

அந்த மனிதர் சந்தோஷப்பட்டுத் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் பின்னால் இன்னும் சிரித்த முகத்தோடு இருந்தார். 'இவரையும் ஒருக்கால் பாருங்கோ சேர்' என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது என்று ஹியூபேட்டுக்குத் தெரியும். வெட்டின தன் பெயரைத் திரும்ப எழுத எவ்வளவு நேரம் போகும் என்றும் நினைத்தான். வாயை மூடிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி படியிறங்கினான்.