பஸ்காரம்மா தைத்த சுற்று

பார்சலைப் பிரித்துப் பார்த்ததுமே டெய்லருக்கு முகம் சுருங்கிவிட்டது.

போர்வை அவர் ஆரம்பித்ததுதான். நடுத்துண்டை அவர் தைத்து அனுப்பியிருந்தார். அதைச் சுற்றித் துண்டுத்துணிகளை வைத்து, மேலே கைத்தையலில் நூலோட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தாள் பஸ்காரம்மா. கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் நாட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்; இணையத்துத் தையல் குழு ஒன்றில் மருமகள் பிடித்துக் கொடுத்த சிநேகம். அவள் பெயர் வாயில் நுழையாததால் டெய்லர் வைத்த பெயர் அது. அங்கே ஒரு சுற்று, இங்கே ஒரு சுற்று என்று போர்வை முடிகிறவரை போய்வர வேண்டும் என்பது ஏற்பாடு.

கடையை ஒரேயடியாக மூடிய பிறகு டெய்லரோடு தொழில் பேச ஒரு நாதி கிடையாது. வாரம் ஒரு தரம் மருமகளின் போனில் பஸ்காரம்மா வருவாள். அவள் ஒரு துணியைத் தூக்கிக் காட்டுவாள், இவர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பக்கத்துக்கும் மருமகள்தான் வாய். நீலத்துக்குப் பக்கத்தில் அவள் துணிந்து பழுப்பை வைத்ததைப் பார்த்துத்தான் இவர் மறுபடியும் ஊசியையே தொட்டார்.

"மாமா, உங்க கேர்ள்ஃப்ரெண்ட் லைன்ல இருக்காங்க" என்று மருமகள் சீண்டினால், "போம்மா, வேலையப் பாரு" என்பார். சட்டைப் பொத்தானை மட்டும் கழுத்துவரை போட்டுக்கொள்வார்.

பிறர் தையலை டெய்லர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். தன் தையலுக்கு அதை எடுத்ததில்லை. கைக்குத் தெரியாததா கண்ணுக்குத் தெரியப்போகிறது?

பஸ்காரம்மாவின் நூலோட்டம் ஏறி இறங்கிப் போயிருந்தது. ஒரு தையல் நெட்டை, ஒன்று குட்டை. அளவுகோல் வைத்துக் கோடு கிழிக்காமல் ஊசி எடுக்காதவள் அவள்.

"குடிச்சிட்டுத் தச்சாளா? இல்ல கூலிக்கு ஆள் வச்சாளா?"

"கேட்டுப் பாக்கலாமே மாமா."

"கேட்டா உண்மையச் சொல்லிடுவாளாக்கும். கெழவனுக்கு இது போதும்னு நெனச்சிருக்கா."

அவர் கேட்கவில்லை. பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தார். நூலைக் கூட்டிக் குப்பையில் தள்ளினார். ஊசித் துளை மறையத் துணியை நனைத்து இஸ்திரி போட்டார். பிறகு தானே உட்கார்ந்து அந்தச் சுற்று முழுவதையும் தைத்து முடித்தார்.

அடுத்த தடவை பஸ்காரம்மா போனில் வந்ததும் போர்வையைத் தூக்கிப் பிடித்தார். "சரி பண்ணிட்டேன்னு சொல்லும்மா."

அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னாள். மருமகள் போனையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லும்மா. திட்டினா திட்டட்டும்."

"திட்டல மாமா. உங்க நடுத்துண்டுல நூல் போற மாதிரியே போட்டுப் பாத்தாங்களாம். உங்க கை தண்ணி ஓடுற மாதிரி போகுதாம். வாழ்க்கையில மொத தடவையா அளவுகோலக் கீழ வச்சிட்டுத் தச்சாங்களாம். நாலு துணிய வீணடிச்ச பிறகுதான் அது கைக்கு வந்துச்சாம்."

"என் கையா? என் தையல் கயிறு கட்டின மாதிரி நேராப் போகும். யாருகிட்ட கத விடுறா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மாமா. கொஞ்ச வருஷமாவே அப்படிப் போறதில்ல."

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"உங்ககிட்ட யாரு மாமா சொல்றது?"

டெய்லர் பூதக்கண்ணாடியை நடுத்துண்டின் மேல் வைத்தார். நூல் ஏறி இறங்கியது. தான் சரிசெய்த சுற்றின் மேல் வைத்தார். அங்கும் அதே கதிதான். அவள் போட்டதைப் பிரித்தெறிந்துவிட்டு அதையேதான் போட்டிருக்கிறார், அவளைவிட மோசமாக.

"நான் பிரிச்சது தப்புன்னு சொல்லு. மறுபடியும் அதே மாதிரி போடச் சொல்லு."

பரவாயில்லை என்றாளாம். சிரிக்கவும் செய்தாள். பரவாயில்லை என்று சொல்லிச் சட்டையை வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுபடி கடைப்பக்கம் தலைகாட்டியதில்லை என்பது டெய்லருக்குத் தெரியும்.

போர்வை மறுபடி போய் அடுத்த சுற்றோடு வந்தது. அளவுகோல் பிடித்த கோடு. ஒரு தையல்கூடப் பிசகவில்லை. விரலால் நான்கு பக்கமும் தடவினார். அந்த ஏற்ற இறக்கம் எங்கும் தட்டுப்படவில்லை.

"எங்கயாவது தப்பிருந்தா சொல்லச் சொல்றாங்க மாமா. பிரிச்சுத் தச்சு அனுப்புறாங்களாம்."

டெய்லர் போர்வையை மடித்து வைத்தார். "ஒரு தப்பும் இல்லன்னு சொல்லு."

மருமகள் சொன்னாள். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல் அந்தப் பக்கம் பஸ்காரம்மா தலையாட்டினாள்.